சுட்ட கொச்சிக்காயும் அதன் பெயரும்

கொழும்பில் மாடிவீடுகள் கூடக் கூட, கொச்சிக்காய் சுடுவது குறைந்து வருகிறது. குசினிக்குள் சுட்டால் வீடே இருமும், பக்கத்து வீட்டாரும் தும்முவார்கள். அது முற்றத்து வேலை. சிரட்டைக் கரி நல்ல தணலாகும்வரை பொறுக்க வேண்டும். பச்சைக் கொச்சிக்காய் வெடிக்காமலிருக்க ஒரு கீறு கீறி, கம்பி வலையில் பரப்ப வேண்டும். தோல் கொப்பளித்து அங்கங்கே கருகும்போது பச்சை வாடை போய், லேசான இனிப்போடு ஒரு புகை மணம் எழும். சின்ன வெங்காயம், மாசி, உப்பு சேர்த்து இடித்துத் தேசிக்காய் பிழிந்தால் சம்பல் தயார். சூடான பாணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளவத்தைச் சந்தையில் "பச்சை மிளகாய்" என்று கேட்கும் குரல்களே அதிகம். நம் வீடுகளில் அது கொச்சிக்காய். பிள்ளைகள் சிலர் இப்போது அந்தச் சொல்லை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அது கொச்சைத் தமிழாம். யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தச் சொல்லின் வரலாற்றைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் காய் நமது மண்ணில் பிறந்ததல்ல. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குள்ள மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதைப் பயிரிட்டுச் சமைத்தார்கள். 'சில்லி' என்பதே மெக்சிக்கோவின் நாவாட்டல் மொழிச் சொல். இன்றும் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், ஹாட்ச் என்ற ஊரின் பச்சைக் கொச்சிக்காய் அறுவடையாகும் ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், கடை வாசல்களில் பெரிய கம்பிவலை உருளைகளைச் சுழற்றி நெருப்பில் சுட்டுக் கொடுக்கிறார்கள். நம் முற்றத்து வேலையேதான், அளவு மட்டும் பெரிது.

1492இல் கொலம்பஸ் புறப்பட்டது மிளகையும் மற்ற வாசனைப் பொருட்களையும் தேடித்தான். கிடைத்தது இந்தக் காய். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். சில ஆண்டுகளில் போர்த்துக்கேயர் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். 1505இல் கொழும்புக்கு வந்தார்கள். அவர்களது கப்பல்கள் வழியேதான் இந்தக் காய் நமது கடலோரங்களைத் தொட்டது. அதற்கு முன் நம் முன்னோரின் கறிக்கு உறைப்புக் கொடுத்தவை மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே.

புதிய பொருளுக்குப் பெயர் வேண்டுமல்லவா? சிலர் மிளகைப் போல உறைக்கும் காய் என்று 'மிளகாய்' என்றார்கள். மலையாளத்தில் 'கப்பல் முளகு' என்றும் சொன்னார்கள். சிங்களத்தில் மிளகுக்கு இருந்த 'மிரிஸ்' என்ற பெயரையே இந்தக் காய் எடுத்துக்கொண்டது. பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிளகு ஆகிவிட்டது. நாம் அது வந்த துறைமுகத்தின் பெயரை வைத்தோம்: கொச்சிக்காய். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இதே சொல் வழங்குகிறது. சிங்களத்திலும் சிறிய, கடும் உறைப்பான வகைக்குப் பெயர் 'கொச்சி'.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. கொச்சிக்கடை என்ற பெயரும் கொச்சி வணிகரோடு சேர்த்தே சொல்லப்பட்டு வருகிறது. அங்குள்ள அந்தோனியார் கோயிலின் மரபுக் கதையும், ஒல்லாந்தர் காலத்தில் கொச்சியிலிருந்து வணிகர் வேடத்தில் வந்த ஒரு பாதிரியாரைப் பற்றியது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காயைக் கொண்டுவந்த அதே போர்த்துக்கேயர்தான் 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களில் பலரைக் கிழக்கில் குடியேற்றினார். ஆட்கள் விரட்டப்பட்டார்கள், ஆட்சிகள் மாறின. 1656இல் கொழும்பும் 1663இல் கொச்சியும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. காய் மட்டும் யாருடைய அடுப்பையும் விட்டுப் போகவில்லை.

அந்தச் சம்பல் தட்டை இப்போது ஒருமுறை பாருங்கள். காய் அமெரிக்காவினது. பெயர் கொச்சியினது. 'சம்பல்' மலாய்ச் சொல். மாசி மாலைதீவின் கைப்பக்குவம். 'பாண்' போர்த்துக்கேயச் சொல். இவ்வளவும் சேர்ந்துதான் நம் வீட்டுச் சாப்பாடு. இதில் எதைக் கழித்துவிட்டு, எதை "நம்முடையது" என்று சொல்வது?

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வோம்: மிளகாய் நல்ல தமிழ், பரீட்சையில் அதை எழுதுங்கள். கொச்சிக்காயும் நல்ல தமிழ், அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அது கொச்சைத் தமிழ் அல்ல, கொச்சித் தமிழ். முற்றம் உள்ளவர்கள் இந்த விடுமுறையில் ஒருநாள் சிரட்டைக் கரி மூட்டுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், காற்று வீசும் பக்கம் மட்டும் வேண்டாம். கொச்சிக்காய் சுடுபடும் நேரத்துக்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம்.