ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரம்

எங்கள் வீரபாண்டியில் ஊருக்குச் சேதி சொல்ல ஒரு மரக்கம்பம் போதும். சித்திரைத் திருவிழாவுக்கு முன் கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால் முல்லையாற்றின் இரு கரைகளுக்கும் தெரிந்துவிடும். அந்தச் சேதிக்கு எழுத்து தேவையில்லை. இங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் என்று கம்பம் சாலையில் போனால் அந்தப் பக்கத்தில் அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி என்று கத்தோலிக்கர்கள் நிறைய வாழும் ஊர்கள் வருகின்றன. இராயப்பர் என்றால் பேதுரு. சின்னப்பர் என்றால் பவுல். அந்த ஊர்களில் சேதி மணியில் தொடங்கி எழுத்தில் போய் முடிகிறது.

சாவுக்கு ஒரு மணி, பூசைக்கு ஒரு மணி. ஞாயிறு பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்பு. அதில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது கல்யாண ஓலை. எழுதுவது காகிதத்தில்தான், ஆனாலும் பெயர் ஓலைதான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்ல வேண்டும். இப்படி மூன்று முறை. "முத ஓலை வாசிச்சாச்சு" என்றால் விஷயம் உறுதி என்று அர்த்தம்.

இந்த வழக்கத்துக்கு வயது எண்ணூறு. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதைத் திருச்சபை முழுமைக்கும் விதியாக்கியது. மூன்று முறை என்று திட்டமாகச் சொன்னது 1563இல் திரெந்து சங்கம். ரகசியக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு "எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை" என்று கைவிடுவது அன்றைய ஐரோப்பாவில் பெரிய தொல்லை. அதற்கு மருந்தாக, கல்யாணத்தை ஊரறியச் சொல், பிறகு புத்தகத்தில் எழுது என்றார்கள். ஓலை அறிவிப்பு மட்டுமல்ல, ஊரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும்கூட.

அதே சங்கம்தான் ஞானஸ்நானத்தையும் பதிவு செய்யச் சொன்னது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, வீடுவாரியாக ஆன்மாக்களின் நிலை என்று ஐந்து பதிவேடுகளைக் கேட்டது. மதுரை மிஷனின் பழைய பதிவேடுகளில் லத்தீன் வாசகங்களுக்கு நடுவே சவரிமுத்துவும் அருளாயியும் அன்னம்மாளும் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர், தேதி, கொடுத்தவர் கையெழுத்து. தகப்பன் பெயர் மட்டும் போதும் என்றிருந்த எத்தனையோ காகிதங்களுக்கு நடுவே, தாய் பெயரையும் கேட்ட காகிதம் அது.

மென்பொருள்காரனான எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் அதன் ஓரம். 1907இல் வெளியாகி 1908 ஈஸ்டரில் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' ஆணை ஒரு வேலையைக் கட்டாயமாக்கியது. திருமணம் எந்தப் பங்கில் நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அங்கே அந்தப் பழைய பதிவின் ஓரத்தில் இன்ன நாள், இன்ன ஊரில், இன்னாரோடு என்று குறிக்க வேண்டும். கம்பத்தில் பிறந்தவர் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போனாலும், கோவை ஆலைக்குப் போனாலும், அவருடைய முதல் வரி பிறந்த ஊரிலேயே காத்திருக்கும். வாழ்க்கை அதன் ஓரத்தில் வந்து சேரும். நாங்கள் சர்வர்களை வைத்துக்கொண்டு இன்றைக்குப் படாத பாடு படும் காரியத்தை, தபால் கார்டையும் மைப்பேனாவையும் வைத்து முடித்திருக்கிறார்கள்.

அரசின் கணக்கு இதற்கு வெகுகாலம் பின்னால்தான் வந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறப்புப் பதிவு அவரவர் விருப்பம். நாடு முழுவதற்கும் கட்டாயமானது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில். நிலமோ பத்திரமோ இல்லாத கூலிக்காரக் குடும்பத்தில், தாத்தா இன்ன தேதியில் பிறந்தார் என்று சொல்லும் ஒரே எழுத்து பல இடங்களில் கோயில் அலமாரியில்தான் இருக்கிறது. வரலாற்றில் இடம் கிடைக்காதவர்களுக்கு அங்கே ஒரு வரி கிடைத்தது.

அந்த வரியே பின்னால் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. எடுத்துக்கொண்ட சான்றுகளில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் ஒன்று.

விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். "கோயில் பேரு வேற, சர்ட்டிபிகேட் பேரு வேற" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஒளிவுமறைவுக் கல்யாணத்தை ஒழிக்கப் பிறந்த புத்தகம், ஒளிந்துகொள்ள வேண்டிய நிலைக்கு மனிதர்களைக் கொண்டுவந்துவிட்டது.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்பது இந்த ஆணைக்குச் சொல்லப்படும் நியாயம். வேதத்தில் இல்லைதான். சீக்கிய, பௌத்த நூல்களும் சாதியை ஏற்கவில்லை. ஆனால் வாழ்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் இருந்தது, 1910இல்தான் இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தில் வரிசை தேதியின் வரிசை. முதல் நாள் ஒரு சாதிக் குழந்தை, மறுநாள் வேறொரு சாதிக் குழந்தை, அடுத்தடுத்த வரிகளில். அதே இருவரும் செத்தால் நடுவில் சுவர். சலுகையை மறுக்கும்போது சட்டம் புத்தகத்தைப் பார்க்கிறது, சுவரைப் பார்ப்பதில்லை. திருச்சபையோ, சமத்துவம் பேசும்போது புத்தகத்தைக் காட்டிவிட்டு, சுவர் என்று வந்தால் ஊர் வழக்கம் என்கிறது.

ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய தகவலை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தாதே என்பது என் தொழிலில் இன்று அடிக்கடி சொல்லப்படும் பாடம். இங்கே அது மட்டும் போதாது. புத்தகத்தைப் பூட்டி வைத்தால் தாத்தாவின் பிறந்த தேதியும் பாட்டியின் அம்மா பெயரும் அதோடு பூட்டப்படும். அந்த வரிகள் பொய் சொல்லவில்லை. இன்ன நாளில் ஒரு பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினோம் என்று மட்டும்தான் சொல்கின்றன. அந்தத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்று எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை. அது டில்லியில், 1950இல், ஓரத்தில் சேர்த்த குறிப்பு. அழிக்க வேண்டியது அதைத்தான்.