சாஞ்செஸ் கோட்டானின் காய்கனி ஓவியம்

பழம், காய், பாண்டம் போன்ற அசையாப் பொருள்களையே கருவாகக் கொண்டு வரையப்படுவது நிலைப்பொருள் ஓவியம் எனப்படும். ஐரோப்பாவில் இவ்வகை தனித்து வளரத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்று, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹுவான் சாஞ்செஸ் கோட்டான் (1560–1627) ஏறத்தாழ 1602ஆம் ஆண்டில் வரைந்த ‘சீமைமாதுளை, முட்டைக்கோசு, முலாம்பழம், வெள்ளரிக்காய்’ என்னும் ஓவியமாகும். கித்தான் துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்ட இது, இன்று அமெரிக்காவின் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஓவியத்தில் இருப்பவை நான்கே பொருள்கள். சாம்பல் நிறச் சாளரச் சட்டம் ஒன்று. அதற்கு அப்பால் முழு இருள். இடப்பக்கம் மேலே, இலையோடு கூடிய மஞ்சள் நிறச் சீமைமாதுளம்பழம் நூலில் தொங்குகிறது. அதற்கு அடுத்து, சற்றுத் தாழ்வாக, இதழ் விரிந்த முட்டைக்கோசு தொங்குகிறது. நூல்கள் எங்கே கட்டப்பட்டுள்ளன என்பது தெரிவதில்லை. கீழே விளிம்பின் மீது, வெட்டிய முலாம்பழம் தன் விதைகளைக் காட்டியபடி இருக்கிறது. அதன் கீற்று ஒன்றும், வலக்கோடியில் உள்ள வெள்ளரிக்காயும் விளிம்பைத் தாண்டி நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நிழல் விளிம்பில் விழுவதால், கை நீட்டினால் எடுத்துவிடலாம் போன்ற தோற்றம் உண்டாகிறது. மேலிருந்து கீழாக நான்கு பொருள்களையும் கண்ணால் தொடர்ந்தால், சீரான வளைகோடு ஒன்று புலப்படும்.

காய்கனிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டது ஓவியரின் வெறும் கற்பனையன்று. விரைவில் கெடாமல் இருக்க, உணவுப் பொருள்களைத் தொங்கவிட்டுச் சேமிப்பது அக்கால வழக்கம். அன்றாடச் சரக்கறைக் காட்சியையே அவர் அளந்து அடுக்கியுள்ளார்.

டொலேடோ நகரில் தொழில் செய்துவந்த கோட்டான், 1603இல் அந்நகரை விட்டு நீங்கி, கார்த்தூசியத் துறவியர் சபையில் சேர்ந்தார். பின்னர் கிரனாடாவில் இருந்த அச்சபையின் மடத்துக்காகச் சமய ஓவியங்களை வரைந்தார். இத்துறவியர் இறைச்சி உண்ணாதவர்கள். ஆகவே இந்தக் காய்கனி ஓவியத்தைத் துறவு வாழ்வின் எளிமையைக் காட்டும் படமாகப் பலர் விளக்கியுள்ளனர்.

இவ்விளக்கத்தைக் காலவரிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தேவை. ஓவியம் அவர் துறவு பூணுவதற்கு முன்பே வரையப்பட்டதாகக் கருதப்படுகிறது. மேலும், 1602 என ஆண்டு குறிக்கப்பட்டு, மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய மற்றோர் ஓவியத்திலும் இதே போன்ற சாளரமும் இருளும் உள்ளன. அங்கே காய்கனிகளோடு வேட்டையாடப்பட்ட கௌதாரிகளும் சிறு பறவைகளும் காணப்படுகின்றன. இறைச்சி விலக்கைக் குறிப்பது அவர் நோக்கமாக இருந்திருந்தால், அவை இடம்பெற்றிரா.

புனிதர்களையும் அரசர்களையும் தீட்டுவதே உயர்ந்த கலை என மதிக்கப்பட்ட காலத்தில், சமையலுக்குரிய முட்டைக்கோசு ஒன்றுக்கு அதே கவனத்தைக் கொடுத்தார் கோட்டான். ஓவியரின் பிற்கால வாழ்க்கையைக் கொண்டு ஓவியத்துக்குப் பொருள் தேடுவதற்கு முன், அதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.