தண்டவாளம் வராத கரையில் பஸ் வண்டி

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதியோர் துறைமுகங்களையும் வணிகத்தையும் எழுதினர். தாய்வழிக் குடிமுறையையும் பள்ளிவாசல் மரைக்காயர்மாரையும் எழுதினர். பின்வந்தோர் பெரும்பாலும் அரசியலை எழுதினர். கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இம்மக்கள் எதில் ஏறிப் போய்வந்தார்கள் என்ற கேள்வி ஓரமாகவே கிடக்கிறது. அது சிறிய விடயம் அல்ல என்பது எனது எண்ணம். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளில் யார் படித்தார், யார் வீட்டில் நின்றார் என்பதைத் தீர்மானித்ததில் பஸ்ஸின் நேர அட்டவணைக்குப் பெரும் பங்குண்டு.

புகையிரதம் 1928இல் மட்டக்களப்புக்கு வந்தது, அங்கேயே நின்றும்விட்டது. காத்தான்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரை நெடுகிலும் ஊர்கள் நெருங்கிக் கிடந்தும் தண்டவாளம் தெற்கே ஒரு மைல்கூட நீளவில்லை. கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்படும்வரை மட்டக்களப்புப் பட்டினத்துக்குள் நுழைவதற்கே தோணிதான். ஆகவே பாலத்துக்குத் தெற்கே வாழ்ந்தவர்களுக்குப் பஸ் வண்டி என்பது புகையிரதத்துக்கு மாற்று அல்ல. மாட்டு வண்டிக்கும் வாவித் தோணிக்கும் அடுத்து வந்தது அதுதான்.

1958க்கு முன்னர் ஓடியவற்றை எங்கள் மூத்தவர்கள் ‘கொம்பனி பஸ்’ என்பார்கள். நாடு முழுவதும் தனியார் கம்பனிகளின் கையில் பஸ் சேவை இருந்த காலம் அது. ஆள் சேர்ந்தால் புறப்படும். சேராவிட்டால் சாரதி இறங்கித் தேத்தண்ணி குடிப்பார். இலாபம் உள்ள வீதியில் ஒன்றையொன்று துரத்தும். இலாபமில்லாத ஊருக்குள் தலையைக் காட்டாது. 1948இல் இரத்தினம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என்று மூன்று ஆய்வுகள் நடந்தேறிய பின், பண்டாரநாயக்க அரசாங்கம் 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவையைத் தேசியமயமாக்கியது. போக்குவரத்து அமைச்சராயிருந்தவர் மைத்திரிபால சேனாநாயக்க. இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. ஊரார் வாயில் அது ‘சீ.ரீ.பி.’ ஆயிற்று. பின்னாளில் சுமார் 7,000 பஸ்களும் 50,000க்கு மேற்பட்ட ஊழியர்களுமாக உலகின் மிகப்பெரிய பஸ் நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

எண்ணிக்கையை விட முக்கியமானது அதன் ஓட்ட முறை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்பதே அரச பஸ்ஸின் விதி. (எப்போதும் அப்படி நடந்தது என்று நான் வாதாட வரவில்லை.) நல்ல வீதியில் உழைத்த காசு உள்வீதியில் ஏற்பட்ட நட்டத்தை ஓரளவு தாங்கியது. எங்களுடையது பிரதான வீதியிலிருந்து வட்டைப் பக்கமாக உள்ளே தள்ளிய ஊர். இரவில் வரும் கடைசி பஸ் பள்ளிவாசலுக்கு முன்னால் தரித்து நிற்கும். சாரதியும் கொண்டக்டரும் ஊரிலேயே படுத்தெழும்பி, சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். இப்படி இரவு தங்கும் பஸ் தீவின் எத்தனையோ கிராமங்களில் இருந்தது. அது இருந்தபடியால்தான் ஒரு விவசாயி காலையில் புறப்பட்டு, கந்தோரில் அலுவல் பார்த்து, அன்றே வீடு திரும்பினான். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகிக் கச்சேரி மட்டக்களப்பிலிருந்து அங்கே மாறியபோது எங்கள் பகுதியாரின் அலுவல்களெல்லாம் திசை மாறின. காரைதீவுச் சந்தியில் இறங்கி மேற்கே போகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

பஸ்ஸுக்குள் இருந்த உலகம் தனியானது. மருதமுனை நெசவாளி சாரன் கட்டுகளை மடியில் வைத்திருப்பார். தயிர்ச் சட்டிகளுக்கு என்று ஒரு மூலை உண்டு. முன்னாசனம் மதகுருமாருக்கு ஒதுக்கியது. பிக்குவும் மௌலவியும் பாதிரியாரும் அதில் மாறிமாறி இருந்திருக்கிறார்கள். மணியடிக்கும் கயிறு கூரையோடு நீண்டிருக்கும். சின்னப் பிள்ளைகளின் ஆசையெல்லாம் அதில்தான். “மனே, ஆஸ்பத்திரியடியில மறக்காம இறக்கி உடுங்க” என்று கிழவி ஒருத்தி சொல்வாள். “நீங்க இரிங்க உம்மா, நான் சொல்றன்” என்பார் தமிழ்க் கொண்டக்டர். தனியே வெளியே போகாத பெண்கள் இந்தக் கொண்டக்டர்மாரை நம்பித்தான் முதன்முதலில் கல்முனைக்குப் போய்வந்தார்கள் என்று எனது உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1978இல் சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கொடுக்கப்பட்டது. அப்போது போக்குவரத்து அமைச்சராயிருந்தவர் எம். எச். முஹம்மத். நம்மவர் ஒருவர் அமைச்சராயிருந்தார் என்று பெருமைப்படுவோர், அக்காலத்தில் செய்யப்பட்ட மாற்றம் நம் கிராமங்களை எப்படித் தொட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். மாற்றத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அரச பஸ்களில் நெரிசல் தாங்க முடியாதிருந்தது. பழுதான வண்டிகள் டிப்போவில் குவிந்தன. அரசியல் சிபாரிசில் வேலைக்கு ஆள் சேர்ப்பதும் கூடியது. தனியார் பஸ் வந்ததும் பிரதான வீதியில் நின்றவனுக்கு வசதிதான். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தது. ஆனால் அது ஓடும் கணக்கு வேறு. நாளுக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்குக் கொடுத்து, மிச்சத்தில் சாரதியும் நடத்துநரும் பங்கு போடும் ஏற்பாட்டில், சலுகைச் சீசன் டிக்கட்டோடு நிற்கும் மாணவன் நட்டக் கணக்கு. அவனைக் கண்டும் காணாமல் வண்டி போவதை எங்கள் சந்தியில் எத்தனையோ காலை கண்டவன் நான். வட்டைப் பாதைக்குள் நுழைவது அதைவிட நட்டம். கொம்பனி பஸ் காலத்து வழக்கம் வேறு நிறத்தில் திரும்பி வந்தது.

அதன் மேல் யுத்தம் வந்தது. 1985 மேயில் அநுராதபுரத் தாக்குதலுக்குப் புலிகள் பயன்படுத்தியது கடத்தப்பட்ட பஸ். 1987 ஏப்ரலில் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. எங்கள் கரையில் 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வீதியால் வந்த முஸ்லிம் பயணிகள் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் சுடப்பட்டனர். அதே ஆகஸ்டில் வீரமுனையில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். இவற்றுக்குப் பின் ஒவ்வொரு ஊர் எல்லையும் பயணிக்கு ஒரு கணக்காயிற்று. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறிக் கோர்த்த ஒரே வீதியில், பஸ் எந்த ஊரோடு திரும்புகிறது என்று கேட்டே ஏறினோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நடந்து, அப்பால் மீண்டும் ஏறினோம். உள்வீதிகளில் இரவு தங்கும் பஸ்ஸை இக்காலம் முற்றாகவே நிறுத்தியது. பயத்தில் நின்றது, பயம் போனபின்னும் திரும்பவில்லை. நட்டம் என்ற பழைய காரணம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

1990களில் டிப்போக்கள் ‘மக்கள்மயமாக்கல்’ என்ற பெயரில் கம்பனிகளாயின. பின்பு அவை பிராந்தியக் கம்பனிகளாகத் திரட்டப்பட்டன. 2005இல் வந்த சட்டம் மறுபடியும் ஒரே சபையாக்கியது. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு நல்ல உழைப்பு என்று அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் நாங்கள் பகிடி பேசுவோம்.

2022இல் எரிபொருள் இல்லாமற் போனபோது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவரெல்லாம் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார்கள். முந்திய ஆண்டு முடியும்போது 14 ரூபாவாயிருந்த குறைந்தபட்சக் கட்டணம் அவ்வாண்டு ஜூலை 1ஆம் திகதி 40 ரூபாவானது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது சில மாதக் கஷ்டம். மோட்டார் சைக்கிள் வாங்க முடியாத வீட்டுக்கு அது புதிய செய்தி அல்ல.

எங்கள் பாடசாலையில் பதினோராம் ஆண்டு வரைதான் உண்டு. உயர்தரம் படிக்கக் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ போக வேண்டும். ஸாஹிறாவும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் நம் சமூகத்துக்குச் செய்ததைப் பாராட்டாதவர் இல்லை. அந்த வாசல்வரை ஒரு பிள்ளை வந்து சேர்வது எப்படி என்பது வேறு கதை. பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டினேன். விலகிய காரணம் என்ற நிரலில் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘பெற்றோர் விருப்பம்’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. நம் பெற்றோர் பெண்கல்வியை விரும்பவில்லை என்று அதை வைத்தே ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம். அந்தப் பெற்றோர்களில் சிலர் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால் அவர்கள் சொல்வது விருப்பத்தை அல்ல: “பஸ் நிண்டுட்டு சேர். பொடிச்சிய எதுல அனுப்புற?” இடாப்பில் அதற்கு நிரல் இல்லை.

இப்போது காலையில் ஒரு பஸ் ஊருக்குள் வருகிறது. பாடசாலை விடும் நேரத்துக்கு ஒன்று திரும்புகிறது. உயர்தர மேலதிக வகுப்பு நாலரைக்கு முடிகிறது. அந்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சந்தியில் இறங்கி, மூன்று பேராகக் காசு சேர்த்து முச்சக்கரவண்டி பிடிக்கிறார்கள். மூன்றாவது பிள்ளை வராத நாளில் மற்ற இருவரின் வாப்பாமார் சைக்கிளோடு சந்தியில் நிற்கிறார்கள்.