ரேந்தைச் சால்வையும் தேயிலைப் பொட்டலமும்

விரித்தால் ஏறத்தாழ ஆறடிச் சதுரம். சுருட்டினால் மணமகளின் மோதிரத்துள் நுழைந்து வெளிவந்துவிடும். ஷெட்லந்துத் தீவுகளின் ரேந்தைச் சால்வைகளைப் புகழ்வோர் யாவரும் முதலிற் சொல்வது இந்த மோதிரக் கதையைத்தான். சால்வை மோதிரத்துள் நுழைவதை வியந்த உலகம், அதைப் பின்னிய பெண் தன் உழைப்புக்கு என்ன பெற்றாள் என்று கேட்க நெடுங்காலம் எடுத்தது. அந்தக் கேள்வியே நம் கட்டுரையின் பொருள்.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, அத்திலாந்திக் சமுத்திரமும் வடகடலும் சந்திக்கும் இடத்தில் உள்ளன ஷெட்லந்துத் தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நிலம் நிலக்கிழார்களுக்குச் சொந்தமாயிருந்தது. குடியானவன் குத்தகை நிலத்தில் நிலைத்திருக்க வேண்டுமாயின், தான் பிடிக்கும் மீனை நிலக்கிழாருக்கோ அவர் குறித்த வணிகருக்கோ கொடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. ஆடவர் கடலிற் கழித்த மாதங்களில் உழுவதும் விதைப்பதும், எரிப்பதற்கான கரிமண்ணை வெட்டிச் சுமப்பதும் பெண்களின் வேலையாயின. முதுகிலே கரிமண் கூடை, கைகளிலே பின்னல் ஊசி. நடக்கும் வழியிலும் கை ஓயவில்லை. கரடுமுரடான காலுறைகளும் போர்வைகளும் இவ்வாறு நடையிற் பிறந்தவை. மெல்லிய ரேந்தையோ அப்படிப் பிறப்பதன்று. அதற்கு அமர்ந்த இடமும், தூய கையும், நல்ல வெளிச்சமும் வேண்டும்.

அதன் நூல் ஆட்டின் கழுத்திலிருந்து வருவது. அத்தீவுகளின் சிற்றாடுகள் கோடையிலே தாமாகவே மயிர் உதிர்க்கும். கத்தரியாமல் கையாற் கொய்து, மிக மென்மையானதைப் பிரித்தெடுத்து, தலைமயிர் போன்ற இழையாக நூற்பார்கள். இனி, சால்வையின் திட்டத்தைப் பார்ப்போம். ரேந்தையின் அழகு அதன் துளைகளில் உள்ளது. ஊசியின்மேல் நூலை ஒரு முறை சுற்றினால் ஒரு கண்ணி கூடும். அங்கே துளை தோன்றும். கூடிய கண்ணிக்கு ஈடாக இன்னோரிடத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்க வேண்டும். அவற்றை எங்கே ஒன்றாக்குவது, அது வலம் சாய்வதா இடம் சாய்வதா என்பதைப் பொறுத்தே அலையோ இலையோ பறவையின் கண்ணோ உருவாகும்.

பழைய முறைப்படி வேலை வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லும். முதலில் பல்வரிசை போன்ற ஓரம். அதன் விளிம்பிலிருந்து கண்ணிகளை எடுத்து, நான்கு பக்கக் கரைகளும் மூலைகளிற் குறைந்து குறைந்து உட்செல்லும். இறுதியில் நடுச்சதுரம் பின்னப்பட்டு ஏனைய பக்கங்களுடன் தையல் தெரியாமல் இணைக்கப்படும். ஆகவே ஓரத்தில் எத்தனை பற்கள் என்று முதல் நாள் முடிவு செய்பவள், பல மாதங்களின் பின் வரும் நடுச்சதுரத்தின் கணக்கையும் அன்றே முடிவு செய்கிறாள். ஓர் அலையின் கண்ணிகள் மொத்தத் தொகையுள் மிச்சமின்றி அடங்க வேண்டும். இக்கணக்குகளைப் பலர் எழுதி வைக்கவில்லை. தாயின் கையைப் பார்த்து மகள் கற்றாள். அயல்வீட்டுச் சால்வையைப் பார்த்து நினைவிற் பதித்துப் புதியதொன்றை வகுத்தாள். பின்னி முடிந்ததைக் கழுவி, மரச்சட்டத்தில் ஒவ்வொரு பல்லாக இழுத்துக் கட்டி உலர்த்தும்போதுதான் வடிவம் முழுமையாகத் தெரியும். வரைபவளும் செய்பவளும் ஒருத்தியே என்பதை நாம் மறக்கலாகாது.

வரலாற்று நூல்களில் யாருடைய பெயர்கள் நிலைத்தன? 1837 இல் விக்டோரியா மகாராணிக்கு ஷெட்லந்துக் காலுறைகளை அன்பளிப்பாக அனுப்பிய ஆதர் அன்டர்சனின் பெயர் நிலைத்தது. 1839 இல் தீவுகளுக்கு வந்து சால்வைகளுக்கு லண்டனிற் சந்தை தேடிய ஒக்ஸ்போர்ட் வணிகர் எட்வர்ட் ஸ்ராண்டனின் பெயரும் நிலைத்தது. அன்டர்சன் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். பி அன்ட் ஓ கப்பற் கம்பெனியின் நிறுவனர்களுள் ஒருவரான அவருடைய கப்பல்கள் 1840களிலிருந்து காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சென்றன. இவர்கள் தீவுக்குச் செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1851 ஆம் ஆண்டின் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஷெட்லந்துப் பின்னல்களைக் கண்டு வியந்தவர்களுள், அவற்றைப் பின்னியவர்களின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

பெயர் கிடைக்காதது ஒருபுறமிருக்க, காசும் கிடைக்கவில்லை. சால்வையுடன் லேர்விக் பட்டினத்து வணிகரிடம் சென்ற பெண்ணுக்கு அவர் தம் கடைச் சரக்கையே விலையாகக் கொடுத்தார். தேயிலையும் துணியும் தாராளமாகக் கிடைத்தன. மாவும் பணமும் கிடைப்பது அரிது. உடனே சரக்கு வேண்டாம் என்றால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அது அவர் கடையில் மட்டுமே செல்லும். வயிற்றுக்கு உணவு வேண்டியவள் தேயிலைப் பொட்டலத்தைச் சுமந்து வீடு வீடாகச் சென்று, மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்ற வேண்டியிருந்தது. 1872 இல் ஆணையாளர் வில்லியம் குத்ரி நடத்திய விசாரணையில் இப்பெண்கள் பலர் சாட்சியமளித்தனர். பணம் கேட்டதில்லை, கேட்டாலும் தரமாட்டார்கள் என்று தெரியும் என்றே சிலர் கூறினர். காசாகக் கொடுப்பதானால் விலையைக் குறைக்க வேண்டிவரும் என்று வணிகர் தரப்பிற் சொல்லப்பட்டது. சால்வைக்குச் சொல்லப்பட்ட விலை வெறும் பெயரளவு விலைதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கூலியைப் பணமாகவே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் பிரித்தானியாவில் 1831 இலேயே இருந்தது. ஆனால் சொந்தக் கம்பளியில் வீட்டிலிருந்து பின்னியவள் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளி அல்லள்; அவள் பண்டம் விற்கும் ஒரு சிறு வணிகர். உழைப்பவளுக்கு வணிகர் என்ற பட்டத்தைச் சூட்டி அவள் கூலியைப் பறித்த சாமர்த்தியம் இது! 1887 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே இந்த ஓட்டையை அடைக்க முற்பட்டது. வீட்டிலிருந்து செய்யப்படும், ஐந்து பவுணுக்குக் குறைந்த பெறுமதியுள்ள பின்னற் பொருள்களை வாங்கும் வணிகர், சட்டத்தின் முன் முதலாளியாகவே கொள்ளப்பட்டார். எனினும் வழக்கம் சட்டத்துக்கு உடனே பணிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது.

லேர்விக் வணிகரின் சீட்டைப் பற்றிப் படிக்கும்போது நமது மலையகத்தின் ‘துண்டு’ நினைவுக்கு வராமற் போகாது. தோட்டத் தொழிலாளியின் கடனை எழுதிய அத்துண்டு, அவனை ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணியிடம் கைமாற்றியது. 1921 இலேயே சட்டம் அதை ஒழித்தது. இரண்டும் ஒரே முறையல்ல. ஒன்று விலைச்சீட்டு, மற்றது கடன்சீட்டு. எனினும் உழைப்பவனின் கையிற் காசு சேராதவாறு காகிதத்தைக் காவல் வைத்த தந்திரம் இரண்டுக்கும் பொது. அங்கே தேயிலை கூலியாக வந்தது. இங்கே தேயிலை பறித்தவர் கூலியில் அரிசி கழிக்கப்பட்டது.

இன்னொரு செய்தி. 1588 இல் ஸ்பானியக் கப்பலொன்று ஷெட்லந்தைச் சேர்ந்த பெயர்த் தீவில் உடைந்தது. அத்தீவின் வண்ணப் பின்னற் கோலங்களை அம்மாலுமிகளே கற்பித்தனர் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கியது. அதற்குத் தக்க ஆதாரமில்லை. ஏழைப் பெண்கள் தாமே ஒரு கலையை வகுத்திருக்கக்கூடும் என்று நம்புவதைவிட, கடலில் தத்தளித்து வந்த மாலுமிகள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தனர் என்று நம்புவது சிலருக்கு எளிதாயிருந்தது போலும்.

நம் பாடசாலைகளில் பின்னலும் தையலும் பெண் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே இன்னும் பலராற் கருதப்படுகின்றன. ‘ரேந்தை’ என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்குத் தந்தனர் என்று நாம் கற்பிக்கிறோம். அச்சொல்லுக்குரிய பொருளைச் செய்த கைகள் எவை, அக்கைகள் பெற்ற கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கற்பிப்போமாயின், தையல் வகுப்பிலே கணிதமும் வரலாறும் நீதியும் ஒருங்கே இடம்பெறும். அந்த வகுப்பிலே ஆண் பிள்ளைகளும் வந்து அமரட்டும்.