ஒரே அறைக்குள் அடங்காத இருவர்

மட்டக்களப்பு வாவியின் ஓரமாக, கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு எழுந்தது சிவானந்த வித்தியாலயம். அதன் வளவிலேயே சுவாமி விபுலாநந்தரின் சமாதி அமைந்துள்ளது. முத்தமிழ் வித்தகர் என்று நாம் போற்றும் அப்பெரியார் கல்லூரியில் கற்பித்தது விஞ்ஞானம் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

1892இல் காரைதீவில் பிறந்த அவர், 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் அதே ஆண்டில் சித்தியடைந்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். பின்னர் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 யூன் மாதம் அரங்கேறிய 'யாழ்நூல்', சிலப்பதிகாரப் புலமையோடு ஒலியியலும் கணிதமும் அறிந்த ஒருவரால் மட்டுமே எழுதப்படக்கூடிய நூல். அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார்.

அதே 1892இல், கடலுக்கு அப்பால் சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அந்த வேலை அவருக்குச் சலித்தது. பழைய வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் கற்றதும் எண்ணம் மாறிற்று. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார்.

ஒரு நூலை முன்கூட்டியே அமைத்த ஒற்றை அறைக்குள் வைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்துக் குறிப்பதே அப்பகுப்பு முறையின் அடிப்படை. ஒரு கணித ஆசிரியரின் மனப்பழக்கம் அதில் தெளிவாகத் தெரிகின்றது.

நூல்களுக்குக் காட்டிய இந்தத் தாராளத்தை நூலக உத்தியோகத்தருக்கு நாம் காட்டுவதில்லை என்பதே கவலைக்குரியது. பெரிய நூலகங்களில் ஒருவர் பட்டியலாக்கத்துக்கும், இன்னொருவர் இரவல் வழங்கலுக்கும், மற்றொருவர் பருவ இதழ்களுக்கும் என்று அமர்த்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்துவிட நேர்கின்றது. வேலை செவ்வனே நடக்கும்; ஆனால் பதவியுயர்வு வரும்போதோ, இன்னோர் இடத்துக்கு விண்ணப்பிக்கும்போதோ, அவரிடம் காட்டுவதற்கு ஒரு மேசையின் அனுபவம் மட்டுமே மிஞ்சும்.

அந்த மேசையே மறைந்துவிட்டால்? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901இல் அச்சிட்டு விற்கத் தொடங்கிய பட்டியல் அட்டைகளை 1997இல் நிறுத்தியது. ஓசிஎல்சி நிறுவனம் தனது கடைசி அட்டையை 2015 ஒக்டோபரில் அச்சிட்டது. அட்டை எழுதுவதை மட்டுமே அறிந்தவரின் திறமை அட்டையோடு போயிற்று. நூலைப் பற்றியும் வாசகரைப் பற்றியும் அறிந்திருந்தவர் கணினிக்கு மாறிக்கொண்டார்.

எங்கள் வாவிக்கரைக் கிராமங்களின் சிறு நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளவை. அங்கே ஒருவரே நூல் பகுப்பார், இரவல் கொடுப்பார், சிறுவருக்குப் புத்தகம் தெரிந்து கொடுப்பார், பழைய சஞ்சிகைகளையும் கட்டி வைப்பார். வசதி குறைந்த இந்நிலையைப் புகழ வேண்டியதில்லை. ஆயினும் அதில் பெறும் பரந்த அனுபவத்துக்கு நேர்முகத் தேர்வுகளில் உரிய மதிப்புக் கிடைக்கவேண்டும்.

ஆழம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். விபுலாநந்தரும் இரங்கநாதனும் நுனிப்புல் மேய்ந்தவர்கள் அல்லர். ஒரு துறையில் முறையாக வேரூன்றி, பின்பு மற்றொன்றுக்குள் சென்றவர்கள் அவர்கள். ஆகவே, நூலகங்களை நிருவகிப்போர் இளம் உத்தியோகத்தரைப் பிரிவுக்குப் பிரிவு மாற்றிப் பயிற்றவேண்டும். இளையோரும் தம் மேசைக்கு அப்பால் ஒரு மொழியையோ, கணினி நுட்பத்தையோ, ஏட்டுச்சுவடிப் பேணலையோ கற்கவேண்டும். இருபது ஆண்டுகளின் பின் இன்னொரு கதவைத் தட்டும்போது அந்த இரண்டாவது கல்வியே கைகொடுக்கும்.