சாஹிராவும் பந்தும்

"பந்தோடயே திரிஞ்சா ஓ.எல். எப்படிப் பாஸாவான்?" என்று மாளிகாவத்தை வாப்பாமார் கேட்பது நியாயமான பயம்தான்.

பக்கத்து மருதானை சாஹிராவைப் பாருங்கள். 1892இல் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் போன்றோர் தொடங்கியது. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கிருந்த ஒராபி பாஷாவும் துணை நின்றார். 1921இல் வந்த டி.பி. ஜாயா அதைப் பெரிய கல்லூரியாக்கினார். 1948இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் சிவில் சேவை உத்தியோகத்தையே (அதில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர்!) விட்டுவிட்டு அதிபரானார். 1961 வரை அவர் காலத்தில் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் கூடினார்கள். அதற்காக அவர் மைதானத்தை மூடவில்லை. உதைபந்தாட்டம் என்றால் இன்றும் சாஹிரா பெயர் வரும்.

அவரிடம் படித்த பெரியவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். விளையாடிவிட்டு எத்தனை மணிக்குப் புத்தகம் எடுத்தார்கள் என்று போய்க் கேளுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.