அழுத்தம் தாங்கிய குழாய்கள்

பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஜாம் போத்தல் விளக்கில் தொடங்கி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட கதையில் முடித்துவிடுவர். நானும் அவ்வாறு எழுதியவன்தான். ஆனால் அக்காலத்தின் உண்மையான பொறியியல் சோதனை வேறோரிடத்தில் நடந்தது. உழவு இயந்திரத்தின் பின்புறத்தில், விரல் பருமன்கூட இல்லாத ஓர் உலோகக் குழாயில் அது நடந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. எரிபொருள், பற்றறி, உரம், சீமெந்து, இரும்பு, உதிரிப்பாகங்கள் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு, எட்டாத விலையில் கிடைத்தது. ஆகவே மோட்டார் சைக்கிளிலிருந்து பழைய ஒஸ்ரின் கார் வரை யாவும் மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழகின. சூப்பிப் போத்தலில் சிறிதளவு பெற்றோலை வைத்திருந்து, அதை கார்பரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தை முடுக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள்.

இது வெறும் குறுக்குவழியன்று. பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை; அதற்கு வெப்பம் வேண்டும். 1949இல் இங்கிலாந்தில் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று பெற்றோலில் முடுக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடும்படியே அமைக்கப்பட்டிருந்தது. எமது தோட்டங்களின் மண்ணெண்ணெய் இறைப்பு மிசின்களும் அவ்வகையினவே. துலாவை ஓய்வுபெறச் செய்த அந்த மிசின்களோடு வளர்ந்த தலைமுறைக்கு இந்த நுட்பம் கைப்பழக்கமாக இருந்தது. தடை வந்தபோது அறிவு புதிதாகப் பிறக்கவில்லை. இருந்த அறிவு இடம் மாறிற்று.

எனினும் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு உண்டு. எரிபொருட் குழாயில் அழுத்தம் இல்லையென்றே சொல்லலாம். சேலைன் குழாயே அதற்குப் போதுமானது. முப்பதடி ஆழக் கிணற்றிலிருந்து நீரை மேலேற்றும் குழாய் சந்திக்கும் அழுத்தமும் சதுர அங்குலத்துக்குப் பதினைந்து இறாத்தலைத் தாண்டாது. கார் ரயரில் உள்ளது ஏறத்தாழ 30 இறாத்தல். உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் குழாயோ 2000 இறாத்தலுக்கு மேல் தாங்கவேண்டும்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மேல் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமற் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். 1795இல் ஜோசப் பிராமா அதே தத்துவத்தில் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஹரி பேர்கசன் அதை உழவு இயந்திரத்துக்குள் கொண்டுவந்து, கலப்பையை ஒரு நெம்புகோலால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தார். அந்த மரபில் வந்த மசி பேர்கசன் 35தான் எமது செம்மண் தோட்டங்கள் நன்கறிந்த இயந்திரம். அதில் எண்ணெய்ப் பம்பி பின்புற உறைக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். பெட்டியைச் சாய்த்து மண் கொட்டுவதற்கு மட்டும் எண்ணெய் வெளிக்குழாய் வழியாகப் பெட்டிக்குச் செல்லும். கம்பிவலை பின்னிய அந்த றபர்க் குழாய் வெடித்தால், தடைக்காலத்தில் மாற்றீடு கிடையாது.

வலிகாமத்துப் பட்டறையொன்றில், 1993 அளவில், அதற்கு மாற்றாக உலோகக் குழாய் பொருத்தப்படுவதைப் பார்த்தேன். செய்தி தேடிப் போனவன் பாதி நாள் அங்கேயே நின்றுவிட்டேன். தண்ணீர்க் குழாயை அந்த மேஸ்திரி தொடவேயில்லை. தகட்டை வளைத்து ஒட்டிய அக்குழாயின் நீளப் பொருத்து அழுத்தத்தில் பிளக்கும் என்று விளக்கினார். செம்புக் குழாயையும் ஒதுக்கினார். அதிர்வில் அது இறுகி, நாளடைவில் வெடிப்புக் காணும். அவர் எடுத்தது, கைவிடப்பட்ட லொறியொன்றின் பிரேக் குழாய். பிரேக் எண்ணெயும் பேரழுத்தத்தில் ஓடுவதால், உருக்கினாலான அக்குழாய் தாங்கும் என்பது அவரது கணக்கு.

ஆனால் இரும்பு றபரைப்போல வளையாது. இயந்திரம் திரும்பும்போது பெட்டியுடனான இணைப்பும் திரும்பவேண்டுமே! அதற்காக அவர் குழாயை ஒரு மரக்குற்றியில் சுற்றிச் சுருளாக்கினார். வளைவு முழுவதும் ஓரிடத்தில் விழாமல் பல சுற்றுகளிற் பகிரப்பட்டது. குழாயின் துவாரம் சிறிதென்பதால் பெட்டி மிக மெதுவாகவே உயர்ந்தது. அதையும் அவர் குறையாகக் கருதவில்லை. மெதுவாக உயர்வது நல்லதென்றார்.

சோதித்துப் பார்க்கையில் எல்லோரையும் தூர நிற்கச் சொன்னார். கசிவைக் கையால் தடவிப் பார்க்க விடவில்லை. ஒரு மட்டையைக் குழாயோரம் நகர்த்திப் பார்த்தார். காரணம் அவரது இடக்கையில் இருந்தது. சுட்டுவிரலின் பாதி இல்லை. ஊசித்துளையினூடாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். சில மணி நேரத்தில் உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனடிச் சத்திரசிகிச்சை தேவை. மருந்துக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அவர் முதலிற் பொருத்திய குழாய் செம்புக் குழாய்.

அன்று நான் எழுதிய செய்தியில் 'எமது மக்களின் தன்னிறைவு' என்ற தொடர் இருந்தது. விரல் இருக்கவில்லை. இன்று அதைத்தான் திருத்த விரும்புகிறேன். தடையை வென்றோம் என்பது பாதி உண்மை. அந்த லொறி தடைக்கு முன்னர் இறக்குமதியானது. நாம் புதியதொரு குழாயையும் உருவாக்கவில்லை, முன்னைய வளத்தை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் தின்றுகொண்டிருந்தோம். மீதியை உடலால் செலுத்தினோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழி வீதியில் சனத்துக்குள் உழவு இயந்திரங்களும் ஊர்ந்தன. பெட்டிகளில் முதியவர்களும் நெல் மூட்டைகளும். அவற்றுள் எத்தனை அந்த மேஸ்திரியின் கைபட்டவையோ! 2002இல் ஏ9 பாதை திறந்ததும் புதிய றபர்க் குழாய்கள் கடைகளுக்கு வந்தன. சுருள் குழாய்கள் பழைய இரும்போடு எடைக்குப் போயின. அதில் வருந்த எதுவுமில்லை. நல்ல குழாய் கிடைக்கும்போது நல்ல குழாயைத்தான் பொருத்தவேண்டும்.

ஆனால் எந்தக் குழாயை ஏன் ஒதுக்கினார், எதைக் கையால் தொடக்கூடாது என்றார் என்பவை எடைக்குப் போகக்கூடாதவை. ஜாம் போத்தல் விளக்கை நினைவுகூரும் அன்பர்கள், தமது ஊரில் இருந்த மேஸ்திரிமாரிடமும் ஒருமுறை கேட்டு எழுதிவைப்பார்களாக. கேட்கும்போது அவர்களது கைகளையும் பாருங்கள்.